சட்டை உரிக்கும் நேரத்தில் பாம்பு பட்டினி கிடந்தால் பதற வேண்டாம்

"எலியை உள்ளே விட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது டாக்டர், ஊசி ஏதாவது போடணுமா?" வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான். நான் முதலில் கேட்பது கண்ணைப் பற்றி. கண் நீலம் பாய்ந்து, புகை படிந்தது போல மங்கி, உடம்பின் நிறமும் சாம்பல் பூசியது மாதிரி வெளுத்திருந்தால் அது சட்டை உரிக்கத் தயாராகிறது. ஊசி வேண்டாம், டானிக் வேண்டாம். எலியை மட்டும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

சென்னையில் இப்போது பலரும் வளர்ப்பது பால் பைத்தான் (ball python), அதாவது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு வகை. அடுத்தது அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். இரண்டுக்குமே, ஏன் எல்லாப் பாம்புக்குமே, கண்ணுக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாக ஒரே ஒரு ஒளி ஊடுருவும் செதில் கண்ணை மூடியிருக்கும், சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்தே கழன்றுவரும். உள்ளே புதுத்தோல் உருவானதும் பழைய தோலுக்கும் புதியதற்கும் நடுவே ஒரு திரவம் சேரும், கண் மங்குவது அதனால்தான். சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும், ஆனால் சட்டை அதற்கும் சில நாள் கழித்துத்தான் உரியும். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கண் தெளிந்துவிட்டதே, இனி சாப்பிடும் என்று இரையைக் கொண்டுபோய் நீட்டுகிறார்கள். மங்கத் தொடங்கியதிலிருந்து உரிந்து முடிக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். கண் மங்கியிருக்கும்போது அதற்குப் பார்வை சரியாக இருக்காது, உரிந்து முடிக்கும்வரை தொட்டால் சீறும், இருட்டு மூலையை விட்டு வராது. சில பாம்புகள் அப்போதும் இரை எடுக்கும், அதுவாக எடுத்தால் தப்பில்லை. முட்டையிலிருந்து வந்த குட்டிகூட ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் முதல் இரையைத் தேடும், அதுவரை வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே அதற்குப் போதும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது உயிருள்ள எலியை இரவு முழுக்க உள்ளே விட்டுவைக்கும் பழக்கம். உறைய வைத்த எலி நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பது தெரியும், அதனால் வெள்ளை எலியை வாங்கிவந்து தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். கண் தெரியாத, சண்டைக்கு மனமில்லாத பாம்பு ஒரு பக்கம், பசித்த எலி ஒரு பக்கம். அப்படி என்னிடம் வந்த ஒரு பால் பைத்தானுக்கு முதுகெலும்பை ஒட்டி விரல் நீளத்துக்குத் தோல் இல்லை, தசையும் கடித்துத் தின்னப்பட்டு உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அது சுருண்டு படுத்தபடியே கடி வாங்கியிருக்கிறது. புண் ஆற மாதக்கணக்காகும், அந்த இடத்தில் அடுத்தடுத்த சட்டைகளும் ஒழுங்காக உரியாது. உயிருள்ள இரைதான் கொடுக்க முடியும் என்றால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், கால் மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் எலியை எடுத்துவிடுங்கள். முடிந்தவரை உறைய வைத்த எலிக்கே பழக்குங்கள்.

அடுத்தது ஏசி. வெளியே கடற்கரைப் புழுக்கம், ஆனால் தொட்டி இருப்பது இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில், காற்றில் ஈரமே இல்லை. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்வதற்கு நான் பார்க்கும் முதல் காரணம் இதுதான். ஒரு ஈரப்பதமானி வாங்கி உள்ளே வையுங்கள். பால் பைத்தானுக்குச் சாதாரண நாளில் 60 சதவீதம் அளவில் இருக்கட்டும், கண் மங்கியதும் 70 வரை ஏற்றலாம். கார்ன் ஸ்நேக்குக்கு இவ்வளவு வேண்டாம். மூடியில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப்பாசியைப் பிழிந்து வைத்தால் அதுவாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். தொட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்துச் சொதசொதவென்று ஆக்கிவிடாதீர்கள், அடிவயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும்.

தயவுசெய்து தோலை நீங்களாக உரிக்காதீர்கள். குறிப்பாகக் கண்ணில் ஒட்டிய செதிலை செல்லோடேப், இடுக்கி என்று எதைக் கொண்டும் இழுக்காதீர்கள். அடியில் உள்ள புதுச் செதிலும் சேர்ந்து வந்துவிட்டால் கண்ணே போய்விடும். அடுத்த சட்டையோடு அது கழன்றுவிட வாய்ப்பு அதிகம், கழலவில்லை என்றால் கொண்டுவாருங்கள். வால் நுனியில் வளையம் மாதிரி ஒட்டியிருப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, அது இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தி நுனியைக் கருக வைத்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் கால் மணி நேரம் விட்டு, பிறகு ஈரத்துண்டுக்குள் ஊர்ந்து போக விடுங்கள், பெரும்பாலும் அதிலேயே நெகிழ்ந்துவிடும்.

சரி, சட்டை முழுசாக உரிந்துவிட்டது. ஒன்றிரண்டு நாள் விட்டு, மாலை இருட்டியதும் இரை கொடுங்கள். பாம்பின் உடம்பில் அகலமான இடத்துக்கு மேல் இரை பெரிதாக இருக்க வேண்டாம், முதல் தடவை அதைவிடக் கொஞ்சம் சின்னதே நல்லது. உறைந்த எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, சுடுதண்ணீரில் 38 முதல் 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும், ஆறிப்போன எலி அதற்கு இரையாகவே தெரியாது. நீளமான இடுக்கியில் பிடித்து மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். எடுக்காவிட்டால் ஐந்தாறு நாள் விட்டுவிடுங்கள், தினமும் நீட்டி நீட்டித் தொல்லை கொடுத்தால் இன்னும் ஒதுங்கும். வாயைத் திறந்து திணிப்பதை வீட்டில் செய்யவே கூடாது, உணவுக்குழாய் கிழியும். விழுங்கியதைக் கக்கிவிட்டால் இரண்டு வாரமாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பால் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அதைச் செரிக்கும் உடம்பு பாம்புக்கு இல்லை.

வளர்ந்த பால் பைத்தான் குளிர்மாதங்களில் மாதக்கணக்கில்கூட இரை எடுக்காமல் இருக்கும். அதனால் நாளை எண்ணுவதைவிட எடையைப் பாருங்கள், சமையலறைத் தராசு போதும், வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, ஈறு சிவந்து சீழ் கட்டினாலோ, செதிலிடுக்கில் கறுப்புப் புள்ளியாக உண்ணிகள் ஊர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். குட்டிகளுக்கு அவ்வளவு எடை இறங்கும்வரைகூட விடக் கூடாது.

இன்னொன்று, பதிவு செய்யவில்லையே என்ற பயத்தில் நோயுற்ற பாம்பை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். சாரை, மண்ணுளி போன்ற நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

வரும்போது உரிந்த சட்டையை வீசிவிடாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். தலைப்பகுதியை விரித்துப் பார்த்தால் இரண்டு கண் செதிலும் வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், வால் நுனி முழுசாக இருக்கிறதா என்பதும் தெரியும். எடை எழுதிய தாளையும், தொட்டியின் வெப்பமானியும் ஈரப்பதமானியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவையும் சேர்த்துக் கொண்டுவந்தால் எனக்குப் பாதி வேலை குறையும்.