ரவுண்டானா: வட்டத்தைவிட வளைவு முக்கியம்

இரண்டு இருவழிச் சாலைகள் குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியில், வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அவற்றில் 16 புள்ளிகளில் பாதைகள் பிரிகின்றன அல்லது கலக்கின்றன. மீதி 16 புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. உயிரைப் பறிக்கும் பக்கவாட்டு மோதல்கள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. அதே இடத்தில் ஒற்றைத் தட ரவுண்டானா அமைத்தால் மொத்தம் எட்டுப் புள்ளிகளே மிஞ்சும். வெட்டும் புள்ளி ஒன்றுகூட இராது.

சிக்னல் இந்தப் புள்ளிகளை அகற்றுவதில்லை, நேரத்தால் பிரித்து வைக்கிறது. சிவப்பு விளக்கை மீறி ஒருவர் பாய்ந்தால் பழைய ஆபத்து முழு வேகத்தில் திரும்பிவிடும். ரவுண்டானாவிலோ தவறு செய்பவர்கூட மெதுவாகத்தான் தவறு செய்ய முடியும். நுழையும் இடத்திலேயே ஒரு திட்டு வண்டியை வளைத்துத் திருப்பி, வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு இறக்குகிறது. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிவிடும். நேராகச் சீறிப் பாய இடம் கொடுத்துவிட்டு, நடுவில் எவ்வளவு அழகான பூங்கா வைத்தாலும் பயனில்லை.

வளைவு மட்டும் போதாது, விதியும் வேண்டும். பிரிட்டனில் 1966க்கு முன்பு, உள்ளே சுற்றுபவருக்கு முன்னுரிமை என்ற தெளிவான விதி இல்லை. நெரிசல் நேரத்தில் புதிதாக நுழைந்தவர்கள், சுற்றிக்கொண்டிருந்தவர்களின் வழியை அடைத்தார்கள். அவர்களால் வெளியேற முடியவில்லை. வட்டம் முழுவதும் பூட்டிக்கொண்டது. வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நிலம் வீணானது, வேகமும் கூடியது. வலப்பக்கமிருந்து வருபவருக்கு, அதாவது ஏற்கெனவே சுற்றுபவருக்கு, வழிவிட வேண்டும் என்ற விதி 1966இல் வந்ததும் பூட்டு விழுவது நின்றது. பொறியாளர் ஃபிராங்க் பிளாக்மோர் நடுத்திட்டைச் சுருக்கிக்கொண்டே போய், சாலையில் வரைந்த சிறு வட்டமே போதும் என்று காட்டினார். ஒரே ஒரு விதி இத்தனை நிலத்தை மிச்சப்படுத்தியது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய பிறகு நடத்திய ஆய்வில், காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருந்தன. மொத்த விபத்துகளின் குறைவு அந்த அளவுக்கு இல்லை. சிறு உரசல்கள் தொடரும், உயிர் தப்பும். இந்த மாற்றுதான் வடிவமைப்பாளர்கள் விரும்புவது.

நடந்து செல்பவர்களுக்கும் அந்த நுழைவுத் திட்டுதான் துணை. ஒரு திசையில் வரும் வண்டிகளை மட்டும் பார்த்துப் பாதி கடக்கலாம், நின்று, மீதியைக் கடக்கலாம். கடக்கும் கோடுகளை வழிவிடும் கோட்டிலிருந்து ஒரு கார் நீளம் பின்னால் தள்ளிப் போடுவார்கள். வட்டத்தில் இடைவெளி தேடும் ஓட்டுநரின் கவனம் அப்போது நடப்பவர்மீது சிதறாமல் விழும்.

பல தட ரவுண்டானாக்களில் இந்த நன்மைகள் குறைகின்றன. வெளியேறும்போது தடங்கள் வெட்டிக்கொள்ளும். ஒரு சாலையிலிருந்து மட்டும் வண்டிகள் ஓயாமல் வந்தால், அடுத்த சாலைக்காரருக்கு நுழைய இடைவெளியே கிடைக்காது. அத்தகைய இடங்களில் நெரிசல் நேரத்தில் மட்டும் இயங்கும் சிக்னலைப் பொருத்தி, அந்த ஓட்டத்தைச் சில நொடிகள் நிறுத்துகிறார்கள்.