கூப்பிட்டா நாய் ஏன் வர்றதில்ல?

ஞாயித்துக்கிழமை காலைல பெங்களூர் கப்பன் பார்க் பக்கம் போனா, "டைகர் கம், கம், டேய் வாடா இங்க"ன்னு தொண்டை கிழிய கத்துற நம்மாளு ஒருத்தராவது கண்ணுல படுவாரு, டைகர் பத்தடி தள்ளி இன்னொரு நாயோட வால மோந்துட்டு திரும்பிக்கூட பாக்காது. திமிருன்னு நெனைக்கிறோம், அதெல்லாம் இல்ல, நாம சொல்லிக்குடுத்தத தான் அது செய்யுது.

ஜீரண ஆராய்ச்சிக்காக 1904ல நோபல் வாங்குன ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டுனது இதான்: ஒரு சத்தத்துக்கு அப்புறம் எப்பவும் என்ன வருதோ, அந்த சத்தம் கேட்டதுமே நாயோட உடம்பு அதுக்கு ரெடியாயிடும். நாம எப்ப கூப்பிடறோம்? லீஷ் (புடிச்சு கூட்டிட்டுப் போற வார்) மாட்ட, குளிப்பாட்ட, நகம் வெட்ட. லேட்டா வந்தா திட்டு வேற, ஆனா திட்டு ஒட்டுறது கடைசியா செஞ்ச காரியத்துல, அதாவது வந்ததுல. மேனேஜர் கூப்பிடறப்பெல்லாம் டோஸ் விழுந்தா நாமளும் தான் போன் கால்ல இருக்கேன்னு மெசேஜ் போடுவோம்.

பழசாகி கெட்டுப்போன வார்த்தைய விட்ருங்க, புதுசா ஒரு விசில் வாங்குங்க, நீங்க கடுப்புல இருந்தாலும் அதோட சத்தம் மாறாது. மொதல்ல ஹால்ல பழக்குங்க, அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் தான் பார்க், ஏன்னா ஹால்ல கத்துக்கிட்டது பார்க்லயும் செல்லும்னு நாய்க்கு தானா தோணாது. பார்க்ல ஒரு பத்து மீட்டர் கயிறு கட்டுங்க, இழுக்கறதுக்கு இல்ல, கூப்பிட்டும் வராம ஓடிப்போய் மோந்து பாத்தா அந்த மோப்பமே அதுக்கு பரிசு ஆயிடும், அத தடுக்கத்தான்.

ஒரே ஒரு தடவ ஊதுங்க. காது திரும்பும், அப்புறம் தல திரும்பும், அந்த நொடியே "குட்"னு சொல்லணும், வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்தா லேட். கால்கிட்ட வந்ததும் ஒரு கைல காலர புடிச்சுக்கிட்டே இன்னொரு கைல வேகவச்ச சிக்கன் குடுங்க, இல்லன்னா எட்ட நின்னு வாங்கிட்டு எஸ்கேப். ஒரு நாள் ஒரு துண்டு, ஒரு நாள் அஞ்சாறு, திடீர்னு ஈரல். மூளை ஆராய்ச்சியாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஜூஸ் குடுத்து மூளைய அளந்தப்போ, எதிர்பாராம கெடைச்ச ஜூஸுக்குத்தான் டோபமின்ங்கற ரசாயனத்த விடற மூளை செல்லுங்க துள்ளுச்சு, தெரிஞ்சே வந்ததுக்கு அசையவே இல்ல. தெனமும் அதே பிஸ்கெட்டுக்கு நாய் அசமந்தமா வர்றது ஏன்னு இப்ப புரியும்.

அப்புறம் "போ"ன்னு விட்ருங்க! பலரும் கோட்டை விடறது இங்க தான். புடிச்ச வேலைக்கான அனுமதிய வச்சே புடிக்காத வேலைய பழக்கலாம்னு உளவியலாளர் டேவிட் ப்ரீமாக் 1959லயே சொல்லிட்டாரு, அதனால பத்து தடவ கூப்பிட்டா எட்டொம்போது தடவ திருப்பி வெளையாட விடுங்க, வந்தா வெளையாட்டு போகாதுன்னு அதுக்கு நம்பிக்கை வரணும்.

தீபாவளி சீசன்ல மட்டும் இத நம்பி லீஷ கழட்டாதீங்க, வெடிக்கு மெரண்ட நாய் ஈரலயே மோந்து பாக்காது, விசில் எம்மாத்திரம்.