காண்டரீன்: சீன வெள்ளிக்காசில் ஒரு குன்றிமணி

சீனாவின் குவாங்டுங் மாகாணம் 1890 முதல் அச்சடித்த வெள்ளி டாலரின் ஒரு பக்கத்தில் டிராகன் சுருண்டு கிடக்கும். அதைச் சுற்றி ஆங்கில எழுத்தில் ‘குவாங்துங் புரோவின்ஸ், 7 மேஸ் அண்ட் 2 காண்டரீன்ஸ்’ என்று இருக்கும். மேஸ், காண்டரீன் இரண்டும் சீன எடை அளவுகள். மறுபக்கத்தில் அதே எடை சீன எழுத்தில்: குபிங் ஏழு சியென், இரண்டு ஃபென். குபிங் என்றால் அரசுக் கருவூலத்தின் நிறை. இவற்றுக்கு மேலான அளவாகிய டேலின் எடை ஊருக்கு ஊர் மாறியதால், எந்தத் தராசு என்று சொல்லியாக வேண்டியிருந்தது.

100 காண்டரீன் ஒரு டேல், 10 காண்டரீன் ஒரு மேஸ். குபிங் கணக்கில் காண்டரீன் சுமார் 0.373 கிராம். அப்படியானால் டாலருக்கு 72 காண்டரீன், ஏறக்குறைய 26.9 கிராம். துறைமுகங்களில் புழங்கிய மெக்சிகோ வெள்ளி டாலருக்கு ஈடாக வைத்த எடை இது. தலைமை ஆளுநர் ஜாங் ஜீடோங் பர்மிங்காமிலிருந்து இயந்திரம் தருவித்து இந்த அச்சாலையை அமைத்தார். முதலில் 7.3 மேஸ் எடையில் அடித்துப் பார்த்து, அப்புறம்தான் 7.2-க்கு இறங்கினார்கள். ஹூபெய் முதலான மாகாணங்களும் தத்தம் பெயரைப் பொறித்து இதே எடையைப் பின்பற்றின.

சரி, ‘காண்டரீன்’ எங்கிருந்து வந்தது? சீனத்தில் இந்தச் சொல்லே கிடையாது. அங்கே அது ஃபென். சீன வணிகத்துக்கு வந்த ஐரோப்பியர் மலாய்த் துறைமுகங்களில் கேட்ட எடைப் பெயர்களையே கொண்டுபோனார்கள். டேல் என்பது மலாய் ‘தாஹில்’. மேஸ் என்பது மலாய் ‘மாஸ்’. அதன் மூலம் உளுந்தைக் குறிக்கும் வடமொழி ‘மாஷ’. இந்த மேஸை ஜாதிபத்திரி என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது, அது வேறு சொல்.

காண்டரீனுக்கு மலாயில் ‘கண்டூரி’. ஆங்கிலத்தின் பழைய வடிவம் ‘காண்ட்ரின்’. நம் ‘குன்றி’யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘ன்ற’ நாவில் ‘ண்ட்ர’ என்றே உருள்கிறது. நம் பொற்கொல்லர் தராசில் வைத்த அந்தச் சிவப்பு விதைதான் இதற்கு மூலம் என்பது என் கருத்து. தமிழ் வணிகர் நெடுங்காலம் புழங்கிய துறைமுகங்கள் அவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் தமிழில் எழுதும்போது வெறுமனே ‘குன்றி’ என்று போட்டால் கணக்கு உதைக்கும். ஒரு குன்றிமணி சுமார் 0.12 கிராம்தான், காண்டரீன் அதைப்போல் மூன்று மடங்கு. அதனால் ‘சீனக் குன்றி’ என்பதே நான் பரிந்துரைக்கும் சொல். காசில் உள்ள எழுத்தை அப்படியே தரும்போது மட்டும் ‘காண்டரீன்’ இருக்கட்டும். குவாங்டுங்கின் பத்து சென்ட் காசில் மேஸ் என்ற சொல்லே வராது. டிராகனைச் சுற்றி எடையாக ‘7.2 காண்டரீன்ஸ்’ மட்டும்தான்.