ரேட்டிஃபை: ஏற்புறுதி

2018 நவம்பரில் சுங்கை சிப்புட்டு ஒட்டுக்கடைகளில் தேநீரோடு ஒரு சொல்லும் ஓடிக்கொண்டிருந்தது. ஐசெர்ட் என்னும் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை மலேசிய அரசாங்கம் 'ரேட்டிஃபை' பண்ணுமா, பண்ணாதா? பண்ணப்போவதில்லை என்று அந்த மாதமே அறிவிப்பு வந்துவிட்டது. சொல் மட்டும் விளங்காமலே நின்றது. தமிழில் அதை 'அங்கீகரித்தல்' என்கிறோம், சில நேரம் 'சட்டமாக்குதல்' என்கிறோம். முதலாவது மங்கல், இரண்டாவது பிழை.

லத்தீனில் 'ராத்துஸ்' என்றால் கணக்கிட்டு நிலைப்பட்டது. 'ஃபாக்கெரெ' என்றால் செய்வது. இரண்டும் சேர்ந்து ரேட்டிஃபை. பால்மரம் வெட்டியவர்களுக்குப் பழக்கமான 'ரேட்டு' என்ற சொல்லும் அதே ராத்துஸின் பிள்ளைதான். மலாய்க்காரர்கள் 'ரத்திஃபிகாசி' என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நாட்டின் பேராளர் முதலில் ஒப்பமிடுகிறார். பிறகு அரசு ஊருக்குத் திரும்பி யோசித்து, 'ஆம், கட்டுப்படுகிறோம்' என்று மற்ற நாடுகளுக்கு உறுதி சொல்கிறது. அந்த இரண்டாம் படிதான் ரேட்டிஃபை. முன்பு ஒப்பமிடாத நாடு நேராகச் சேர்ந்தால் அதன் பெயர் இணைவு, கட்டுப்பாடு ஒன்றுதான். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சீடோ உடன்படிக்கையில் மலேசியா 1995இல் அப்படித்தான் சேர்ந்தது.

இதற்கு 'ஏற்புறுதி' என்ற சொல் பொருந்துகிறது. ஏற்றலும் உண்டு, உறுதியும் உண்டு. (ஏற்பதற்குக் கையேந்துதல் என்ற பழம்பொருளும் உண்டு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி' என்று படித்தது அதுதான். 'உறுதி' ஒட்டிக்கொண்டதால் அந்த நினைவு வராது.) 'அங்கீகாரம்' என்பதைப் பட்டத்துக்கும் கல்லூரிக்கும் விட்டுவிடலாம்.

ஏற்புறுதி கொடுத்தாயிற்று, நம் நீதிமன்றத்தில் அது செல்லுமா? பணி ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டு, பதிலையும் அவரே சொன்னார்: "துரை சரின்னு சொல்லிட்டாரு, ஆனா செக்ரோல்ல ஏறல. அதானே தம்பி?"

அதேதான் ஐயா. (செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆள்பெயரும் கூலியும் ஏறும் பதிவேடு.) உடன்படிக்கை செய்வது கூட்டரசு நிர்வாகத்தின் வேலை. அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. மாநிலப் பட்டியலில் உள்ள விவகாரமானாலும் அரசியலமைப்பின் 76ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாதவரை உடன்படிக்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. உள்நாட்டுச் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் வெவ்வேறு வீடுகள் என்னும் இந்த நிலைக்கு இருமைக் கோட்பாடு என்று பெயர்.

ஆனால் ஏறாத கணக்கையும் ஒரு நீதிபதி எட்டிப் பார்க்கலாம். கருவுற்றிருந்ததால் தற்காலிக ஆசிரியர் வேலையை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அப்படிச் செய்தது. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் 2001இல் 'பாலினம்' என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று பார்க்க நீதிபதி சீடோவைத் துணைக்கு எடுத்தார். கருவுற்றதற்காக விலக்குவது பாலினப் பாகுபாடே என்றார். வழக்கை வென்றுகொடுத்தது அரசியலமைப்பு. சீடோ அதை வாசிக்க விளக்குப் பிடித்தது.

2014இல் விளக்கு அணைந்தது. பயிற்சிக் காலத்தில் கருத்தரிக்கக்கூடாது என்ற ஒப்பந்த விதியை ஒரு பெண் எதிர்த்த வழக்கில், சீடோ உள்நாட்டுச் சட்டமாகவில்லை, ஆகவே சட்ட வலு இல்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். விதிப்படி தவறில்லைதான். ஆனாலும் 19 ஆண்டுகளுக்கு முன் உலகுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

செக்ரோலில் ஏறிய உடன்படிக்கையும் உண்டு: ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், 1962. 1960களில் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய மோதலில் பிடிபட்டவர்கள் போர்க்கைதிகளா என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு விடை தேட நீதிபதிகளின் கையில் அந்தச் சட்டம் இருந்தது. 'சட்டமாக்குதல்' என்ற சொல்லை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.