இலை சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆடி மாதம் என் நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செடி வாங்க வருவதில்லை. சாகக் கிடக்கும் செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் செங்கோட்டைக்குள் இறங்கிய இரண்டு மூன்று வாரத்தில் முதல் தொட்டி வந்துவிடும். கூடவே ஒரே வசனமும் வரும்: "இலை சுருங்குது அண்ணாச்சி, தண்ணி பத்தலை போல."

போன ஆடியில் புளியரையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அதில் சதைப்பற்றான இலைகளோடு ஒரு ஜேட் செடி. வெகுநேரம் துணி துவைத்தால் விரல் நுனி சுருங்குமே, அப்படி இருந்தன இலைகள்.

"வாரத்துக்கு ஒரு டம்ளர்தான் ஊத்துதேன். சுருங்குதேன்னு இப்ப பத்து நாளா தினமும் கொஞ்சம் ஊத்துதேன்" என்றார்.

கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடியில் ஓட்டை கிடையாது. வண்ணக் கூழாங்கல் ஒரு வரிசை, அதன்மேல் தேங்காய்நார்த் தூள், எல்லாம் பிழிந்தால் சொட்டும் ஈரம். அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஒரு வேரைப் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வந்தது. உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். தண்ணீருக்குள்ளேயே நின்ற செடி தாகத்தில் சுருங்கியிருக்கிறது, ஏனென்றால் குடிப்பதற்கு வேர் இல்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிச் செடி பிழைக்கும். சதைப்பற்றுச் செடியில் இலை சுருங்க இரண்டு காரணம் உண்டு. மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்து, இலை சுருங்கினால் அது நிஜமான தாகம். நன்றாக நனைய ஊற்றினால் இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கினால் வேர் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். கீழ் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வந்து, தொட்டதும் உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது ஊற்றும் ஒவ்வொரு டம்ளரும் கேடு.

வேருக்கும் மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுவதும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். பித்தியம் மாதிரியான அழுகல் கிருமிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அடியில் கூழாங்கல் போட்டால் வடிந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. வடியாது. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண் முழுதாக ஊறி நிரம்பிய பிறகுதான் இறங்கும். ஈரம் கல்லுக்கு மேலேயே, வேர் இருக்கும் இடத்திலேயே நிற்கும். அடியில் ஓட்டை வேண்டும், அதற்கு மாற்று எதுவும் இல்லை.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் இந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பவர்களிடம் நம் வீட்டு வாசலைக் காட்டுவேன். திருஷ்டிக்கு என்று நிலைப்படிக்கு மேலே கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக்கணக்கில் பச்சையாக இருக்கிறது. சிலது பூக்கக்கூடச் செய்கிறது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு விடும்போது ஈரத்தையும் சேர்த்து இழக்கும். கற்றாழையும் ஜேடும் வெயிலில் துளையை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாக்கி வைத்துக்கொள்ளும். பகலில் அதை எடுத்துச் சமைக்கும். இந்த முறைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே ஜேட் செடியின் கிராசுலா குடும்பத்திலிருந்து வந்ததுதான். நம் ரணகள்ளியும் அதே குடும்பம். வாசலில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கற்றாழையை வளர்க்கும் அதே வீட்டில், ஹாலில் இருக்கும் ஜேடை மூழ்கடித்துக் கொல்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, வாரத்துக்கு எத்தனை தடவை? கேரளத்துப் புனலூர்ப் பக்கமிருந்து வரும் சேட்டன்மாரும் இதைத்தான் கேட்பார்கள்: "ஆழ்ச்சயில் எத்ர தவண வெள்ளம் ஒழிக்கணம்?" அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், ஒழிப்பது என்றால் ஊற்றுவது. தமிழ்க் காதில் கேட்டுப் பாருங்கள், கேள்வியிலேயே எச்சரிக்கை இருக்கிறது!

நான் கிழமைக் கணக்கு சொல்வதில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுங்கள், துடைப்பத்திலிருந்து உருவினாலும் போதும். தொட்டி ஓரமாக அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஈர மண் ஒட்டியிருந்தாலோ, ஈர்க்கு சில்லென்று இருந்தாலோ ஊற்றக் கூடாது. சுத்தமாக, உலர்ந்து வந்தால் ஊற்றலாம். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்று வேலை. மேலே பொடி பறக்கும், அடியில் சேறு இருக்கும். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றிவிட்டு, அப்புறம் காயும்வரை மறந்துவிட வேண்டும். தினம் கால் டம்ளர் என்பது பாசமான கொலை. ஸ்பிரே அடிப்பதும் வீண். அதிலும் எச்சிவேரியா மாதிரி ரோஜாப்பூ வடிவச் செடிகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்தே அழுகிவிடும்.

தட்டில் வடிந்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள். வேருக்காக மட்டும் சொல்லவில்லை. டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான்.

இனி பருவம். இங்கேதான் இணையத்து அறிவுரை நம்மைக் கவிழ்க்கிறது. கோடையில் நிறைய ஊற்று, குளிர்காலத்தில் நிறுத்து என்கிறார்கள். பனி கொட்டும் ஊருக்கு அது சரி. நமக்கு மார்கழியில் கம்பளி தேவைப்படும் குளிர் வருவதில்லை. மார்கழி முதல் மாசி வரை வெளிச்சமும் உண்டு, வறண்ட காற்றும் உண்டு, இரவுக் குளிர்ச்சியும் உண்டு. ஜேடும் ஹவோர்த்தியாவும் எச்சிவேரியாவும் நன்றாகத் துளிர்ப்பதை நான் பார்ப்பது அப்போதுதான். என் அனுபவத்தில் மண்தொட்டியில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஈர்க்கு உலர்ந்து வரும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னும் சில நாள் கூடும்.

பங்குனி, சித்திரையில் மண் சீக்கிரம் காயும், வாரம் ஒருமுறை தேவைப்படலாம். சாயங்காலம் சூடு தணிந்த பிறகு ஊற்றுங்கள். உச்சி வெயிலில் எச்சிவேரியா வகைகள் சோர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அவற்றுக்கு நிழல்தான் மருந்து. பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்துக்கோ அதுதான் கொண்டாட்டக் காலம்.

ஆனியிலிருந்து ஆவணிவரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சாரல் என்பது கொட்டும் மழை இல்லை என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நாள் முழுக்க மேகம், கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. துணியே காயாத வீட்டில் தொட்டி மட்டும் எப்படிக் காயும்? சன்னலோரத் தொட்டிக்குச் சாரல் தூவானமே சில நேரம் போதும். எங்கள் கொட்டகையில் வளர்ந்த ஜேடுக்குச் சாரல் காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, சாரல் எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு இதே ஆடியில் காய்ந்த காற்றுதான் அடிக்கும். அவர்கள் கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு விளக்கம் தேவையில்லை, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு: சிவந்த தண்டும் சின்ன இலையுமாக இங்கே ஜேட் என்று விற்பது பெரும்பாலும் போர்ச்சுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானை விரும்பித் தின்னும் செடி. நிஜ ஜேடும் அந்த நாட்டுச் செடிதான், ஆனால் போர்ச்சுலகேரியா அதைவிடக் கொஞ்சம் தாகக்காரி. வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சரின் செடிக்கு வருவோம். தண்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டே போனேன். முதல் வெட்டில் காபி நிறம், அடுத்ததில் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி, மூன்றாவது வெட்டில்தான் சுத்தமான பச்சை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். மிஞ்சியது நான்கு விரற்கடை நுனி. ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு, பாதி ஆற்றுமணலும் மீதி செம்மண்ணும் செங்கல் சல்லியுமாகக் கலந்து சின்ன மண்சட்டியில் நட்டுக் கொடுத்தேன். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கிடையாது என்றேன். பாவம், டீச்சருக்கு மனசே இல்லை.

தை மாதம் மறுபடி வந்தார். சட்டியில் புதுத்துளிர் ஆறு இலை. பீங்கான் கிண்ணத்தையும் கொண்டுவந்திருந்தார், ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்க. டிரில் எடுத்து முயன்றேன், இரண்டாக உடைந்துவிட்டது.