முள்ளாகப் போன பூ

"தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் தவறாமல் வைக்கிறேன். காகிதப்பூச் செடி மொட்டை மாடி வரை ஏறிவிட்டது. இலையும் முள்ளும்தான் இருக்கிறது, பூவைக் காணோம்" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கவனிப்பு கூடிப்போனதுதான் சிக்கல். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் புதருக்கு வறட்சி பழக்கமானது. நாம் பூ என்று சொல்லும் மூன்று வண்ணத் தாள்களும் பூவடிச் செதில்கள், அதாவது பூவின் அடியில் நிறமேறி நிற்கும் இலைகள்; நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்களே நிஜப் பூக்கள். இது பலருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குப் பிடித்தது முள்ளின் கதை.

பூத்திருக்கும் ஒரு கொம்பை அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். அடிக் கணுக்களில் இலைக்கு மேலே ஒரு முள். நுனியை நெருங்கினால், அதே இடத்தில் முள்ளுக்குப் பதில் பூங்காம்பு. ஏனென்றால் இரண்டும் ஒரே உறுப்பு. இலையும் கொம்பும் சேரும் இடுக்கில் ஒரு மொட்டு பிறக்கும்போது அது முள்ளாகவும் போகலாம், பூங்கொத்தாகவும் போகலாம். ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் கை ஓங்கினால், நுனி கூராகி, இறுகி, முள்ளாக நின்றுவிடும். சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் நீண்ட இரவும் சேர்ந்தால் அதே மொட்டு கிளை பிரிந்து பூக்கும். செடிக்கு ஜிப்ரெல்லின் தெளித்து, பூக்க வேண்டிய இடத்தில் முள்ளை வரவழைத்தே ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். முள் செடி வீட்டு வாசலில் இருந்தால் ஆகாது என்பவர்கள் இந்தச் செடியைப் பிடுங்கும்போது, பூக்க வேண்டியதைத்தான் பிடுங்குகிறார்கள். இதற்கெல்லாம் வாஸ்து பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் கொம்பு நீண்டுகொண்டே போகும், பூ பின்னுக்குப் போய்விடும். நம் ஊரில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே நாம் கை வைக்கக்கூடியது தண்ணீரில்தான்.

அப்புறம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நாள் முழுக்க வெயில் படும் இடம், வேர் சற்று நெருக்கமாக இருக்கும் தொட்டி. தழைச்சத்து தரும் யூரியாவை நிறுத்துங்கள். நீண்ட கொம்புகளைக் கவாத்து செய்தால் பக்கத்தில் புதுத் துளிர் வரும், பூ அதில்தான் வைக்கும். மேல் மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் தொங்கும்போது தண்ணீர் விடுங்கள். வண்ணம் எட்டிப் பார்த்ததும் அந்தப் பட்டினி போதும். அதற்கு மேலும் காயவிட்டால் செதில்கள் உதிர்ந்துவிடும்.