சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன கேடு?

ஐப்பசி பிறந்தால் எனக்கு இரண்டு பிழைப்பு. காரைக்குடியில் சொந்தப் பட்டறை ஒன்று. பூங்கா, சரணாலயம் பார்க்கும் அரசுத் துறை ஒன்றுக்கு சீசன் மெக்கானிக் வேலை இன்னொன்று. பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் ரோந்து ஜீப், டிராக்டர், தண்ணீர் டேங்கர் எல்லாம் தினமும் ஓடும். மற்ற மாதங்களில் பாதி வண்டி கொட்டகையில். என் வேலையில் பெரும்பாதி, தூங்கிய வண்டியை எழுப்புவதுதான். ஜீப்பில் முதலில் பார்ப்பது சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று. பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிற மாவட்டம் இது. அங்கே ஜீப் படபடத்துக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஓடவே இல்லையே, சும்மாதானே நின்றது, எப்படிக் கெடும்?" இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். நான்கும் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டு வண்டி. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து கொட்டகையைத் திறப்பார்கள். செல்ஃப் எடுக்காது. உடனே எனக்குப் போன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பாருங்கள். யாரும் நடக்கவில்லை என்பதற்காக தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் புதிதாகவா இருக்கிறது? நடந்து, துடைத்து, புழங்கினால்தான் அது மின்னும். ஆள் இல்லாத வீட்டில் ஓட்டு இடுக்கில் ஆலஞ்செடி முளைக்கிறது. வண்டியும் அப்படித்தான். ஒரே இடத்தில் எடை தாங்கி டயர் தட்டையாகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலும் குடிக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்தபடி ஒரு மழைக்காலம் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றி சுத்தியலால் தட்டித் தட்டித்தான் விடுவிக்க வேண்டும். "டங்" என்று ஒரு சத்தம் வரும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

எலியைப் பற்றித் தனியாக எழுதலாம். போன வாரம் ஒரு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் தேங்காய் நார், பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டு, நடுவில் நான்கு குட்டி.

ஆனால் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டுவது வேறு. "வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லியிருக்கேனே!" இதைவிடச் சும்மா விட்டிருக்கலாம். ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுத்த கரண்டை, நின்ற இடத்திலேயே ஓடும் ஐந்து நிமிட ஐட்லிங் ஒழுங்காகத் திருப்பித் தருவதில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன்தான் ஏறும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஆஃப் செய்தால் அந்த ஈரம் சைலன்சரிலும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வீட்டில் மீட்டர் வைத்தேன். 10.8.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னபடி செய்கிறவர். ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்திருக்கிறார். பின் தெருவில் தூசி வருகிறது என்று கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. "ஞாயித்துக்கிழமைன்னா தலைவலி வந்துருது தம்பி, வயசாயிருச்சுல்ல" என்றார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. வயசு இல்லை ஐயா, கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகமாக வரும். முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி. அதற்கப்புறம் எழுந்து கதவைத் திறக்கிற தெம்பே இருக்காது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அப்படியா, இனிமே திறந்து வைக்கச் சொல்றேன். வண்டி எப்ப ரெடியாகும்?" என்றார்.

இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறதா? பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பத்து நிமிட வேலை. ஹேண்ட்பிரேக் வேண்டாம், சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டயரில் காற்றை அளவாக நிரப்பிவிட்டுப் போங்கள். டயரின் பக்கவாட்டில் 2318 என்று நான்கு எண் இருந்தால் அது 2018-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்று அந்தப் பழைய டயரை நம்பி பழனிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மெக்கானிக் காசு பிடுங்குகிறான் என்று நினைக்காதீர்கள்.

ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டட்டும். ஆள் இல்லையென்றால் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, வண்டிப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நீங்கள் வந்து பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், பானெட்டைத் திறக்குமுன் இரண்டு தட்டுத் தட்டுங்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும்.